துடைத்த இடம்

ஜூன் 3, செவ்வாய்

எட்டு வருடமாக என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காத பெரிய மனுஷியின் வயிற்றை இன்று காலை நான்தான் துடைத்தேன். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வருமாம். கையுறைகூட வேண்டாம், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய வெறுங்கை போதும் என்று பெனிட்டா சிஸ்டர் சொன்னார். அதைக் கேட்டதும் பெரிய மனுஷியின் முகம் போன போக்கைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையை ஒத்துக்கொள்ளலாம்.

பெரிய மனுஷி என்றால் என் மாமியார் பாவாயம்மாள். இரண்டு கிட்னியும் போய்விட்டன. வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு ஒரு ரப்பர் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, நாலு மணி நேரம் கழித்து அழுக்கோடு ஒரு பையில் வெளியே எடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு நாலு முறை. வீட்டிலேயே செய்யலாம், ஆனால் சுத்தம் தவறினால் கிருமி நேராக வயிற்றுக்குள் போய்விடும், ஆளே போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார்.

பழகிக்கொள்ள முதலில் வந்தது மகள் கோகிலாதான். சொந்த ரத்தம், சொந்த உரிமை. ஓட்டையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பூபதிக்கோ, அதாவது என் வீட்டுக்காரருக்கு, தாய் வயிற்றை மகன் தொடுவது முறையில்லையாம். அப்போதுதான் சிஸ்டர் சுவரோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“மருமக.”

“கையக் காட்டுங்க.”

காட்டினேன். நகம் ஒட்ட வெட்டியிருக்கும், கை நடுங்காது. பதினொரு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆயிரம் பீஸில் ஒரு ஊசி ஓட்டையும், ஒரு பொட்டு எண்ணெய்க் கறையும் என் கண்ணுக்குத் தப்பாது.

“இவங்கதான்” என்றார் சிஸ்டர்.

“வேற ஆருமே இல்லீங்களா?” என்றாள் பெரிய மனுஷி.

“ஏன் பாட்டி, இவங்களுக்கு என்ன?”

சிஸ்டரைத் தவிர அங்கே இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். நான் காலனிக்காரி. அதுதான் பதில்.

ஜூன் 4, புதன்

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். தோட்டத்து வீட்டில் மாடு கன்று, புழுதி, ஈ. அங்கே வைத்துச் செய்யவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் டவுனில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறை இப்போது அவளுடையது. நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். எட்டு வருடத்தில் முதல் முறையாக என் வாசற்படி மிதிக்கிறாள். மிதிக்கும்போது சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

காலை ஆறு மணிக்கு ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, மாஸ்க் கட்டி, கை கழுவி, மருந்தில் நனைத்த வைப்ஸ் பாக்கெட்டைக் கிழித்தேன். குழாய் தோலைவிட்டு வெளியே வரும் இடத்தில் தொடங்கி, வட்டம் வட்டமாக வெளியே வரவேண்டும். வெளியே போன வைப்ஸ் திரும்ப உள்ளே வரக்கூடாது. ஒரு சுற்றுக்கு ஒன்று, மூன்று சுற்று. பிறகு முப்பது எண்ணும்வரை தொடாமல், ஊதாமல், விசிறாமல் தானாகக் காயவிட வேண்டும். ஈரம் காயும்போதுதான் கிருமி சாகுமாம். அதற்குமேல் காஸ் துணி, பிளாஸ்டர்.

நான் ஐந்து சுற்றுத் துடைத்தேன். மருந்து ஈரம் ஐஸ் மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தோல் சிலிர்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குளிருக்கு மூடவில்லை என்று எனக்குத் தெரியும்.

“முடிஞ்சுதா?”

“இல்லீங்க அத்தை. இன்னும் காயோணும்.”

நெற்றியில் திருநீறு பூச மடக்கு டப்பாவை எடுத்தாள். வேண்டாம் என்றேன்.

“சாமி திண்ணூறு என்ன பண்ணிப் போடும்?”

“தூள் கொட்டும். சிஸ்டர் ஆகாதுன்னாங்க.”

சிஸ்டர் திருநீற்றைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

நாலு முறையும் சரியாக நடந்தது. துடைத்த இடத்தைச் சிஸ்டருக்குக் காட்ட செல்போனில் படம் எடுத்தேன். தோல் குழந்தைத் தோல் மாதிரி சுத்தமாக இருந்தது. என் வேலை என்றால் சும்மாவா.

ஜூன் 8, ஞாயிறு

கோகிலா வந்தாள். பால், கீரை, முருங்கைக்காய் எல்லாம் தோட்டத்திலிருந்து. பெரிய மனுஷி என் சமையலைச் சாப்பிடமாட்டாள். பூபதிதான் கடைக்குப் போவதற்கு முன்னால் தனிச் சட்டியில் அவளுக்குச் சாதம் வடித்து வைப்பார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற கை, சாதத்தைக் களியாக்கிவிடுகிறது. அந்தக் களி அவளுக்கு அமிர்தம்.

இன்றைக்கு என் நாள். கோகிலாவை அறை வாசலிலேயே நிறுத்தினேன்.

“செருப்ப அக்கட்டால உடுங்க. கை கழுவுங்க. இந்த வைப்ஸுல தொடைங்க. தலப்பூவ எடுத்துருங்க. மாஸ்க் போட்டுக்கங்க.”

“எங்கம்மாவப் பாக்க இத்தன சட்டமா?”

“அந்தச் சேர்ல உக்காருங்க. கட்டில்ல உக்காராதீங்க. மேல படாதீங்க.”

மேல படாதீங்க. சொல்லும்போது நாக்கில் தேன் தடவின மாதிரி இருந்தது. கல்யாணமான புதிதில் ஆறு மாதம் தோட்டத்து வீட்டில் இருந்தேன். அந்த ஆறு மாதமும் இதே இரண்டு வார்த்தைதான் எனக்குக் காலை வணக்கம், மாலை வணக்கம். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவற்றை மாட்டிவைக்க மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு ஆணி. அவர்களிடம் அதற்குக் காரணம் எழுதிய தாள் எதுவும் இல்லை. என்னிடம் ஆஸ்பத்திரி முத்திரையோடு இருக்கிறது, சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கோகிலா போகும்போது அம்மாவின் தலையணையைச் சரி செய்தாள். அதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

காலையில் பிளாஸ்டரைப் பிரித்தேன். காஸ் துணியில் மஞ்சளாக ஒரு கறை, ஐந்து ரூபாய் நாணயம் அளவு. சீழ் இல்லை. சீழ் உள்ளிருந்து ஊறி வரும், நடுவில் அழுத்தமாக இருக்கும். இது வெளியிலிருந்து நனைந்த கறை, ஓரம்தான் அழுத்தம். பதினொரு வருடம் கறை பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? பிளாஸ்டரும் நான் ஒட்டினபடி இல்லை. நான் மூலையை மடித்து ஒட்டமாட்டேன்.

குனிந்து முகர்ந்தேன். கோமியம்.

அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு படுக்கை விரிப்பு மாற்றும் சாக்கில் தலையணையைத் தூக்கினேன். கண்மருந்து பாட்டில் ஒன்று, பாதி நிறைய. பக்கத்தில் மடித்த துணிக் கிழி.

தலையணையை இருந்தபடியே வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

பூபதியிடம் பாட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது, மாவு ஆட்டினேன்.

ஜூன் 14, சனி

இன்று முடித்துவிட்டு வெளியே வந்து, கதவை ஒரு விரல் அகலம் திறந்தபடி விட்டேன். பீரோக் கண்ணாடியில் கட்டில் முழுதாகத் தெரியும்.

முதலில் கதவைப் பார்த்தாள். பாட்டிலை எடுத்தாள். என் விரல் பட்ட இடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இடது மணிக்கட்டு, முழங்கை, விலா. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சொட்டு விட்டுக் கிழியால் துடைத்தாள். கடைசியில் பிளாஸ்டரை மெல்ல உரித்து, குழாயைச் சுற்றி வட்டம் வட்டமாகத் துடைத்தாள். நான் எப்படித் துடைத்தேனோ அதேபோல, ஆனால் வெளியிலிருந்து உள்ளே. அதே கிழி, நேற்றும் அதுதான், அதற்கு முந்தின நாளும் அதுதான். முணுமுணுவென்று சாமி பேர் வேறு.

நான் சாகடித்த கிருமிக்குப் பதிலாக அவள் புதுக் கிருமி வைக்கிறாள். என் தீட்டைத்தான் கழுவுகிறாளாம்.

மதியம் பெனிட்டா சிஸ்டர் போன் செய்தார். “எப்படிப் போகுது? எதாவது பிரச்சினையா?”

“ஒண்ணுமில்லீங் சிஸ்டர். நல்லாப் போகுது.”

நல்லாத்தான் போகிறது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நடுவில் நான் யார் கையைத் தடுக்க? என் வேலை துடைப்பது. ஆறு மணிக்குத் துடைத்தேன், முப்பது எண்ணினேன். அதற்குப் பிறகு அவள் வயிறு, அவள் கை, அவள் மாட்டு மூத்திரம்.

ஜூன் 15, ஞாயிறு

கோகிலா வந்தாள். கை கழுவினாள், துடைத்தாள், பூவை எடுத்தாள், எல்லாம் செய்தாள். தலையணையைச் சரி செய்தாள். அவள் போனபின் பார்த்தேன், பாட்டில் நிறைந்திருந்தது.

எங்கம்மாவைப் பற்றி இந்த டைரியில் எழுதக்கூடாது என்று நினைத்திருந்தேன். இன்று எழுதுகிறேன்.

கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு அம்மா சீர் கொண்டு வந்தாள். மாராயி என்றால் எங்கள் காலனியில் வாய்க்காரி. அவளே அன்று அதிகம் பேசவில்லை. ஒயர் கூடையில் முறுக்கு, அதிரசம், எனக்கொரு சேலை, மாமியாருக்கு ஒரு சேலை. உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பத்து நிமிடம் நுனியில் உட்கார்ந்திருந்தாள். “பாத்துக்கங்க அம்மிணி, சின்னப் புள்ள” என்று இவளைப் பார்த்துக் கும்பிட்டாள். கிளம்பிப் போனாள்.

குடையை மறந்துவிட்டாள். பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள். வந்தபோது அவள் உட்கார்ந்த நாற்காலி கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் சாணித் தண்ணீர் ஊற்றப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் நடந்த இடம் முழுக்க வாசல் கழுவப்பட்டுக்கொண்டிருந்தது. முறுக்கும் அதிரசமும் மாட்டுத் தொட்டியில் மிதந்தன.

அம்மா கேட்டருகே நின்று பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குடையை எடுக்காமலே திரும்பி நடந்தாள்.

நாங்கள் டவுனுக்கு வந்தபிறகும் அவள் இந்த வீட்டுக்குள் வரவேயில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில்தான் என்னைப் பார்ப்பாள். “உள்ள வந்தா அப்பறம் ஆரோ கழுவோணும், எதுக்கு சாமி சிரமம்” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். செத்து ஐந்து வருடமாகிறது.

தன் வினை தன்னைச் சுடும். நான் பற்றவைக்கவில்லை. அணைக்கவுமில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகள் வந்து இறங்கின. கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. குழாயைச் சுற்றித் தோல் சிவந்திருக்கிறது. தொட்டால் முகம் சுளிக்கிறாள்.

சிஸ்டர் வாட்ஸப்பில் படம் கேட்டார். அனுப்பினேன். ஐந்தாம் தேதி எடுத்த படத்தை.

ஜூன் 19, வியாழன், மதியம்

காலைப் பை தெளிவு. மதியப் பையும் தெளிவு என்று ஆஸ்பத்திரி கொடுத்த கணக்கு அட்டையில் எழுதினேன். ரசம் வைத்தேன். துணி துவைத்தேன். வெயில் நன்றாக அடிக்கிறது, சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஜூன் 19, வியாழன், மாலை

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே எழுதியது பொய்.

காலைப் பையே கலங்கியிருந்தது, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. நல்ல தண்ணீர் என்றால் பைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்து எழுத்தைப் படிக்கலாம். படிக்க முடியாவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஓடிவர வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொன்ன பாடம் அது. நான் பையின் பின்னால் என் கையை வைத்துப் பார்த்தேன். என் விரல் எனக்கே தெரியவில்லை.

பையைக் கழிவறையில் ஊற்றிவிட்டு வந்து தெளிவு என்று எழுதினேன்.

மதியம் இன்னும் மோசம். வயிறு வலிக்கிறது என்றாள். “ஆமாங்க, சில பேருக்கு அப்படித்தான் இருக்கும்” என்றேன். மூன்று மணிக்குக் காய்ச்சல். பல் தந்தியடிக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் சொல்லவேண்டும், ஒரு காம்புகூடத் தவறவில்லை.

நாலு மணிக்கு அவள் போன் அடித்தது. கோகிலா. ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே வைத்தேன். இவள் முனகினதும் அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

“காச்சலா? எனக்கு அப்பவே தெரியும்மா. அவ கை வயித்துல பட்டா வெளங்குமா? தீட்டு தீட்டுதான். எத்தன மருந்துல தொடச்சாலும் போகுமா அது?”

கீரைத் தட்டைக் கீழே வைத்தேன்.

இவள் செத்தால் என்ன பேசுவார்கள் என்று அப்போதுதான் எனக்குக் கேட்டது. எழவுக்கு வந்த ஒவ்வொரு வாயும் பேசும். காலனிக்காரி கை பட்டது, பதினாறே நாள், போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தச் சாவு எனக்கு ஜெயம் இல்லை, அவளுக்கு. அவள் நம்பியதெல்லாம் உண்மை என்று அவள் பிணமே சாட்சி சொல்லும். அம்மா உட்கார்ந்த நாற்காலியைக் கழுவினது நியாயம்தான் என்று ஆகிவிடும்.

அப்படி அவளைச் சாகவிட மாட்டேன்.

ஆட்டோ பிடித்தேன். கலங்கிய மதியப் பையைக் கட்டி எடுத்துக்கொண்டேன், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். படியில் இறக்கும்போது அவள் முழு எடையும் என் தோள்மேல். நெருப்பாகக் கொதித்தாள். “இன்னிக்குப் பாட்டில் வேண்டாங்களா அத்தை?” என்று காதில் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஜூன் 21, சனி

பிழைத்துவிட்டாள். மருந்தைப் பைத் தண்ணீரிலேயே கலந்து உள்ளே விடுகிறார்கள். குழாயை எடுக்கவேண்டியதில்லை என்றார் டாக்டர். ஒரு நாள் தாமதமாகியிருந்தால் கையை விரித்திருப்பாராம்.

இன்று பரிசோதனை முடிவு வந்தது. பெனிட்டா சிஸ்டர் கட்டிலருகே வந்தபோது எல்லோரும் இருந்தோம். பூபதி கால்மாட்டில், கோகிலா தலைமாட்டில், நான் என் வழக்கப்படி சுவரோரம்.

“சுத்தமாச் செய்யலீன்னாத்தான இப்பிடி வரும்?” என்று கோகிலா என்னைப் பார்க்காமல் என்னைச் சொன்னாள். “அவ கை சுத்தம் எங்களுக்குத் தெரியாதா.”

பூபதி போர்வை நுனியை மடித்துக்கொண்டிருந்தார். அவர் பேசினால்தான் அதிசயம்.

சிஸ்டர் தாளைப் பார்த்தபடி கேட்டார். “இது மாடு கன்னு இருக்கற எடத்துல வர்ற கிருமி. உங்க வீட்ல மாடு இருக்கா?”

“டவுனுங்க. வாடகை வீடு. மாடு ஏது?” என்றார் பூபதி.

“அப்ப எப்படி?”

கோகிலா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவளே சொல்லட்டும் என்று பெரிய மனுஷியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள். அன்று படியில் பார்த்த அதே பார்வை.

“கோமியம்” என்றாள்.

“என்ன பாட்டி?”

“கோமியம் தொட்டுத் தொடச்சனுங்க. தெனமும்.”

“குழாய் மேலயா? எதுக்கு?”

சிஸ்டர் விடுகிற ஆளில்லை. “எதுக்கு பாட்டி? சொன்னாத்தான எனக்குத் தெரியும்.”

“அவ தொட்ட எடத்தை...”

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் கத்தவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தே விட்டார்.

“முன்னாடி இங்க இருந்தப்ப பதினஞ்சு நாள் நானும்தான உங்களத் தொட்டேன். நான் தொட்ட எடத்தையும் தொடச்சீங்களா?”

“நீங்க என்ன ஆளுங்க கண்ணு?” என்றாள் பெரிய மனுஷி. இந்த நிலைமையிலும் கேட்டாள்! கெரகத்தை எங்கே போய்ச் சொல்ல.

“நான் கிட்னி வார்டு ஆளு” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் எழுந்து போனார்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய மனுஷி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்த நிமிடத்துக்காக நான் எட்டு வருடம் காத்திருந்தேன். வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது, சாயங்காலம் வரை.

ஜூன் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரி கேன்டீனில் பூபதி டீ வாங்கிக் கொடுத்தார்.

“சுகந்தி, உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எது?”

“அந்தப் பாட்டில். நீ சட்டையில இருக்கற புள்ளியக்கூட உடமாட்டியே. தெரிஞ்சிருந்தா தடுத்திருக்கலாமில்ல.”

நாற்காலியில் சாணித் தண்ணீர் ஊற்றப்பட்டது, வாசல் கழுவப்பட்டது என்றெல்லாம் ஒரு வாரத்துக்கு முன்னால் எழுதினேன். யார் ஊற்றினார்கள், யார் கழுவினார்கள் என்று எழுதவில்லை. எழுதினால் அடுத்த நாள் அந்த ஆளுக்குச் சோறு போடமுடியாது. பெரிய மனுஷி வாசற்படியில் நின்று சொல்ல மட்டும்தான் சொன்னாள். வாளி பூபதி கையில் இருந்தது.

“அன்னைக்கு வாளியத் தூக்கறப்ப உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. எட்டு வருடமாக அவரும் அந்த வாளியை எங்கேயும் இறக்கிவைக்கவில்லை போலிருக்கிறது.

“அம்மா சொன்னாங்க. எதுத்துப் பேசியிருந்தா உன்னை அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க.”

“எங்கம்மா கேட்டுப் பக்கத்துல நின்னத நீங்க பாத்தீங்களா?”

டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“மிச்சத் தண்ணியையும் ஊத்துனேன்.”

அழுதார். நான் என் டீயைக் குடித்து முடித்தேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

இனிமேல் நான் செய்யமாட்டேன் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். சொந்த ரத்தமே செய்யட்டும்.

கோகிலாவுக்கு மறுபடி பயிற்சி. மூக்கில் கற்பூரம் வைத்துக்கொண்டு வந்தாள். வைப்ஸைக் கிழித்தாள், குழாய் அருகே கொண்டுபோனாள், கண்ணை மூடினாள், வைப்ஸ் விலாவில் போய் நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே. “என்னால ஆகாதும்மா, கொடலைப் பெரட்டுது” என்று ஓடினாள். இல்லையென்றால் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினுக்கு வரவேண்டும், போகவர நாலு மணி நேரம், கழுத்தில் ஊசி. பெரிய மனுஷிக்கு அது ஆகாது.

பூபதி வந்து, “அம்மா உன்னைக் கூப்பிடறாங்க” என்றார்.

“எனக்குக் காது கேக்கும். அவங்களே கூப்பிடட்டும்.”

வார்டு வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

“சுகந்தி. வந்து செய்யி.”

அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் இல்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த வாயிலிருந்து வந்தால் அதையும் முகர்ந்துதான் பார்க்கவேண்டும்.

ஜூன் 28, சனி

நேற்று வீட்டுக்கு வந்தோம். தலையணைக்கு அடியில் ஒன்றும் இல்லை. பார்த்தேன். பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

காலை ஆறு மணி. ஜன்னல் அடைத்து, விசிறி நிறுத்தி, கை கழுவி வந்தேன். பாக்கெட்டைக் கிழிப்பதற்கு முன் அவளாகக் கேட்டாள்.

“நாஞ் செத்திருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்குமா?”

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஏனோ பொய் சொல்ல அலுத்துப்போயிற்று.

“பாட்டில் இருக்கறது எனக்கு முதல்லயே தெரியுமுங்க. நீங்க தொடைக்கறதக் கண்ணாடியில பாத்தேன். தோல் செவந்தப்ப சிஸ்டருக்குப் பழைய படத்த அனுப்புனேன். அன்னைக்குக் காலையிலயே தண்ணி கலங்கிப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லாம இருந்தேன்.”

அவள் மூச்சு மாறியது கேட்டது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். பூபதி கடைக்குப் போய்விட்டார், கதவு சாத்தியிருக்கிறது. கட்டிலில் அவளும், பக்கத்தில் நானும்தான்.

“பூபதிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பறம் எங்கிட்ட எதுக்குச் சொல்றே?”

“நீங்க தெரிஞ்சுக்கோணும்னுதான். எங்கம்மாவுக்கு நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும். நான் உங்களுக்கு என்ன பண்ணுவேன்னு இனி உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சே தெனம் நாலு தடவ இந்தக் குழாய என் கையில குடுக்கோணும். ஆயுசு முழுக்க. நூறு வயசு இருங்க அத்தை.”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கத்துவாள், பூபதிக்குப் போன் போடச் சொல்வாள் என்று காத்திருந்தேன். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. எடுத்து யாரைக் கூப்பிடுவாள்? வாந்தி எடுக்கிற மகளையா, தொடக்கூடாத மகனையா? பிறகு தானே சேலை மடிப்பை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள்.

துடைத்தேன். உள்ளிருந்து வெளியே, ஒரு சுற்றுக்கு ஒன்று, மூன்றே சுற்று. காய்வதற்காகக் கையை எடுத்துக்கொண்டு நின்றேன்.

“ஒண்ணு” என்றாள்.

புரியாமல் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு. மூணு. நாலு.”

எண்ணுகிறாள். நான் கணக்கில் இரண்டு மூன்றைத் தின்றுவிடுவேனோ என்று பயம். என் கை பட்டுவிடுமோ என்று எட்டு வருடம் பயந்தவள், என் கை சரியாகப் பட்டதா என்று எண்ணிக்கொண்டு கிடக்கிறாள். பதினேழில் மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. இருபத்திரண்டில் காஸ் துணியை எடுக்க என் கை நீண்டது. “இன்னும் இருக்குது” என்று அதட்டினாள். கையை இழுத்துக்கொண்டேன்.

“இருபத்தொம்பது. முப்பது. இப்ப மூடு.”

மூடினேன்.